ஒன்பது குழி

சித்தப்பா துபாயிலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் பவுடர் டப்பாவும் எங்களுக்குப் புரிந்தன. நீளமான ஒரு தோல் பை மட்டும் புரியவில்லை. அதை வாசலில் சாய்த்து வைத்ததைப் பார்த்து அப்பா துப்பாக்கி என்றே நினைத்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "லைசென்சு இருக்குதா?" என்று கேட்டார். சித்தப்பா பையைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டினார். நுனி வளைந்த இரும்புக் கம்பிகள் மூன்று, கோழி முட்டையைவிடச் சிறிய வெள்ளைப் பந்துகள் கொஞ்சம், கால் மிதியடி அளவுக்கு ஒரு பச்சை பிளாஸ்டிக் புல் விரிப்பு. அப்பாவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. துப்பாக்கியாக இருந்திருந்தால் ஊரில் சொல்லிக்கொள்ளவாவது ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.

சித்தப்பா உண்மையில் இருந்தது துபாய் இல்லை. மஸ்கட்டுக்கும் அப்பால், பாலைவனத்துக்குள் ஒரு எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்பு. மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் கடல் தாண்டிய எல்லா இடத்துக்கும் துபாய் என்றுதான் பெயர். அவரும் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கடல் உள்ளே வந்துபோன மார்கழிக்கு அடுத்த கோடை அது. நான் நான்காம் வகுப்பு முடித்து லீவில் இருந்தேன். சித்தப்பா ஏன் வந்தார் என்பதுதான் அந்தக் கோடையில் ஊரின் பெரிய கேள்வி. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொன்னார். "போதும்னு தோணுச்சு. வந்துட்டேன்." இதை ஒருவரும் நம்பவில்லை. வேலை போயிருக்கும் என்றார்கள், உடம்பில் ஏதோ கோளாறு என்றார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அந்த வருடம் புரோக்கர்கள் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு அலைந்த காலம். கடல் வந்த பயம் தெளிவதற்குள்ளேயே நிலத்தின் விலை எழுந்து உட்கார்ந்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் கல்யாணம் ஆகாத ஒரு ஆம்பிளை தானாகவே போதும் என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்தால், அவன் மனசில் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். என் அம்மாவுக்கும் தோன்றியது.

அப்பாவுக்கு உப்பளம். சொந்தம் இல்லை, குத்தகை. அளத்தின் கிழக்கு ஓரத்தில், ரோட்டுப் பக்கம் இருந்த பாத்திகளில் கடல் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் படிந்து, காய்ந்து, சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தன. அவற்றைத் திருத்தி மறுபடி உப்பு எடுக்க ஆள் கிடைக்கவில்லை. சித்தப்பா வந்த மூன்றாம் நாள் அந்தப் பாத்திகளைப் பார்த்தார். வரப்பில் நின்றுகொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, வெறும் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். "இதேதான்" என்றார். என்னிடம்தான் சொன்னார். வேறு யாரும் அங்கே இல்லை.

அவர் சொன்ன கதை இது. அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்தில் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. கம்பியால் பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுபோய்க் குழிக்குள் தள்ள வேண்டும். தூரத்தில் இருந்த நகரத்தில் அதற்குப் பெரிய மைதானம் உண்டு, பதினெட்டு குழி, எங்கே பார்த்தாலும் புல். குடிக்கிற தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவார்கள். குடியிருப்பில் இருந்ததோ சின்னது. ஒன்பது குழி, அதுவும் வெறும் மணல். குழியைச் சுற்றி மட்டும் மணலில் எண்ணெய் தெளித்து உருளை போட்டு இறுக்கி வைப்பார்கள். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பச்சை விரிப்பைத் தூக்கிக்கொண்டு போய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். எண்ணெய் தெளிப்பதும் கால் தடங்களைப் பலகையால் இழுத்து அழிப்பதும்தான் பன்னிரண்டு வருடமாகச் சித்தப்பாவின் வேலை. எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"பெருசு நல்லா இருக்குமா, சின்னது நல்லா இருக்குமா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு ஆடறவங்களப் பாத்திருக்கேன் பாப்பா. பத்து பன்னண்டுக்கு மேல மூஞ்சியத் தூக்கி வெச்சிகிட்டுதான் வருவாங்க. எப்படா முடியும்னு இருக்கும். நாளு பூரா போயிடும். ஒன்பதுல அலுக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். டிரைவரு, நர்சம்மா, சமையக்காரரு எல்லாம் டூட்டி முடிச்சிட்டு வந்து, ஒரு சுத்து ஆடிட்டு, பொழுது சாயறதுக்குள்ள சாப்பாட்டுக்குப் போயிடுவாங்க. இன்னும் ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமேன்னு நெனச்சிகிட்டே போவாங்க. அப்படித்தான் போவணும்."

இப்போது நான் வேலை பார்க்கிற சென்னை அலுவலகத்தின் ஜன்னலிலிருந்து பெரிய கோல்ஃப் மைதானம் ஒன்று தெரிகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சில சமயம் பார்ப்பேன். அவர் சொன்னது சரிதான். பாதிக்கு மேல் எல்லோரும் கடமைக்குத்தான் நடக்கிறார்கள்.

சித்தப்பா பால் பவுடர் டப்பா ஒன்றைப் பாத்தியின் ஒரு மூலையில் புதைத்தார். வாய் மட்டும் தரைக்குச் சமமாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டு அம்மாவின் பழைய புடவைக் கிழிசலைக் கொடியாகக் கட்டினார். உப்பு வாரும் பலகையால் சுற்றிலும் இழுத்து மட்டப்படுத்தினார். இதுதான் ஒண்ணாங்குழி என்றார். மாலையில் வெயில் தாழ்ந்ததும் நாங்கள் இரண்டு பேரும் போய் ஆடினோம். மீதி எட்டுக் குழிக்கும் அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் தோண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். குத்தகை அப்பா பெயரில் இருந்தது. அப்பாவுக்குத் தம்பி ஏதோ பந்து தட்டுகிறான் என்று தெரியும். அதற்கு மேல் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் நிலத்தைக் குழிக்கணக்கில்தான் சொல்வார்கள். நூறு குழி ஒரு காணி. சென்ட், கிரவுண்டு எல்லாம் மெட்ராஸிலிருந்து வருகிற புரோக்கர்கள் பேசுவது. பெரிய ரோட்டை ஒட்டி எங்களுக்குப் பொதுவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. தாத்தா விட்டுப் போனது, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்ந்தது. பதினெட்டு குழியும் கொஞ்சம் சொச்சமும். மழை வந்தால் அளத்தில் குவித்து வைத்த உப்பு கரையும், கீற்று போட்டு மூடினாலும் பாதி போகும். அதனால் அந்த நிலத்தில் ஒரு ஷெட் போட வேண்டும், லாரி உள்ளே வந்து திரும்பிப் போகிற மாதிரி போட வேண்டும் என்பது அப்பாவின் பல வருட ஆசை. சாப்பிடும்போதுகூடத் தட்டில் விரலால் லாரி எப்படித் திரும்பும் என்று கோடு போட்டுக் காட்டுவார். அந்த நிலத்தைத் தவிர அவருக்கு வேறு கனவு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார். "அடுத்து என்னப்பா யோசன?"

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேண்ணா. நீ சரின்னு சொன்னாதான்" என்றார் சித்தப்பா.

"சொல்லு."

"எனக்கு ஒன்பது குழி போதும்."

அப்பா சோறு பிசைவதை நிறுத்தினார். "ஒன்பதா?"

"ஆமா. எடத்தப் பாத்தா பதினெட்டும் வரும். ஆனா பதினெட்ட வெச்சிகிட்டு நான் ஒருத்தன் என்ன பண்றது? பாதி போதும். அளவா இருக்கும். அழகா பாத்துப்பேன்."

"எந்தப் பக்கம்?"

"ரோட்டோரமா இருந்தா நல்லதுண்ணா. போறவங்க வர்றவங்க கண்ணுல படும். நாலு பேரு வருவாங்க."

ரசம் ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா ரசம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். "யோசிச்சு சொல்றேன்" என்றார்.

"இதுல யோசிக்க என்ன இருக்குது? நீ உம்னு சொன்னா நாளைக்கே கயிறு புடிச்சிடுவேன்."

எனக்கு அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது. அப்பா எந்த விளையாட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை கேட்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரிக்கிறாரே, அவரும் ஆட வருவார்போல என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன். பக்கத்து அறையில் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. அம்மா எதற்காவது அழுவாள் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் மரியாதை கூடிவிட்டது. சித்தப்பாவுக்கு மட்டும் இலை போட்டுச் சோறு வந்தது. முன்பெல்லாம் "சோறு வேணுமா வேணாமா, சொல்லித் தொலைங்க" என்று சொல்கிற அம்மா, "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கறீங்களா?" என்று கேட்டாள். அப்பா அவரை டேய் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். சித்தப்பா இதையெல்லாம் பாசம் என்று எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் மெஸ்ஸில் சாப்பிட்டவருக்கு இலை போட்டுப் பரிமாறினால் வேறு எதுவும் தோன்றாது. "அண்ணிக்கு எம்மேல எவ்ளோ பிரியம் பாத்தியா" என்று என்னிடம் சொன்னார்.

ஒரு வாரம் போயிருக்கும். அளத்திலிருந்து திரும்புகிற வழியில் அப்பா சித்தப்பாவிடம், "நாளைக்கு வானூர்லேருந்து சர்வேயர் வர்றாரு. அளந்துடலாம்" என்றார்.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோல்ஃப் மைதானத்தை முறையாக அளந்துதான் குழி போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனியில் அதற்கென்று வெள்ளைக்காரர் ஒருவர் வந்து போவாராம். அதற்காகச் சொந்தச் செலவில் சர்வேயரையே வரவழைக்கிற அண்ணன் யாருக்குக் கிடைப்பான்? அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்பது கொடிகள் செய்தோம். சவுக்குக் குச்சிகளைச் சீவி, மஞ்சள் துணி கட்டி, மருதாணிக் குழம்பால் நம்பர் எழுதினேன். ஆறும் ஒன்பதும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. பரவாயில்லை, நமக்குத் தெரியும் இல்லையா என்றார் சித்தப்பா.

காலையில் கொடிகளை அள்ளிக்கொண்டு கிழக்குப் பாத்தியில் போய் நின்றோம். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஆள் ஓடிவந்து, "இன்னாங்க இங்க நிக்கிறீங்க? அங்க எல்லாரும் காத்துகிட்டு இருக்காங்க" என்றான். கொடிகளோடு போனோம்.

ரோட்டோர நிலத்தில் சர்வேயர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கூடவே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கல் நடுவதற்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சர்வேயருக்கு மனசு கேட்கவில்லைபோல. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் அப்பாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "திரும்பவும் சொல்றேங்க. நீளவாக்குல வெட்டுங்க. ரெண்டு பேருக்கும் ரோடு கிடைக்கும். குறுக்கால வெட்டினா பின்னால இருக்கறவங்களுக்கு வழியே இல்லாமப் போயிடும்."

"அவன் ரோட்டோரம்தான் கேட்டான். ரோட்டோரமே இருக்கட்டும்" என்றார் அப்பா.

பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். "தம்பி, நீ கேட்ட ஒன்பது குழி இதுதான். பின்னால இருக்கறது எனக்கு. சரியா இருக்குதான்னு பாத்துக்க."

சித்தப்பா கயிற்றைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தன் கையில் இருந்த கொடிகளைப் பார்த்தார். அவர் முகம் எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பா அவரை நேராகப் பார்க்காமல், முந்தின நாள் ஷேவ் செய்த தாடையைத் தடவிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வாயை மூடிக்கொண்டார்.

நான் அவர் கையை இழுத்தேன். "சித்தப்பா, நம்ம குழி இங்க இல்லியே" என்றேன்.

"சும்மா இரு பாப்பா." அதட்டலாக அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான். பிறகு அப்பாவிடம், "போதும்ணா" என்றார்.

பெரியவர்களில் ஒருவர் கொடிகளைக் காட்டி, "இன்னாப்பா இது, அதுக்குள்ள ஏதாவது கட்சியில சேந்துட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. ஒரு பக்கமிருந்து பந்தை அடித்தால் மறு பக்கம் ரோட்டைத் தாண்டிப் போய் விழும், அவ்வளவு சின்ன இடம் அது. அகலமான பாத்திகளை வைத்துக்கொண்டு எங்களை இந்த மூலையில் கொண்டுவந்து அடைத்துவிட்டார்களே என்று அப்பாவின்மேல் எனக்குக் கோபம். அப்பா ஆட வரப் போவதில்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்தியிலயே போடலாமே சித்தப்பா" என்று வீட்டுக்கு வரும்போது கேட்டேன்.

"இதத்தான குடுத்திருக்காங்க" என்றார்.

அப்பா அதற்குப் பிறகு ஷெட் பேச்சை எடுக்கவில்லை. தட்டில் கோடு போடுவதும் நின்றுவிட்டது. வழி இல்லாத இடத்தில் ஷெட் எதற்கு? தம்பியிடம் வழி கேட்கலாம்தான். கேட்பவராக இருந்தால் முதல் நாள் ராத்திரியே எதுக்குடா உனக்கு ஒன்பது குழி என்று கேட்டிருப்பார். அண்ணனும் தம்பியும் தினமும் சேர்ந்துதான் அளத்துக்குப் போனார்கள். தண்ணீர் பாய்ச்ச வேண்டும், உப்பு வார வேண்டும் என்பதைத் தவிர இரண்டு பேரும் வேறு எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. அப்பா ரோட்டு வழியை விட்டுவிட்டு, கழுவெளிச் சதுப்புப் பக்கமாக வரப்பில் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். அந்த நிலத்தின் பக்கம் அவர் தலை திரும்புவதே இல்லை.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. முட்களை வெட்டினார். களிமண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பாத்தி மிதிப்பதுபோல மிதித்து இறுக்கினார். பெரிய கம்பிகள் இரண்டையும் பையிலேயே வைத்துவிட்டு, மெல்ல உருட்டுகிற சின்னக் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த இடத்துக்கு அது போதும் என்றார். டீக்கடைகளில் பால் பவுடர் டப்பாக்கள் வாங்கி, ஒன்பது குழியையும் அந்த ஒன்பது குழிக்குள்ளேயே போட்டார். ஒன்றுக்கு முன்னால் சின்ன மேடு, ஒன்றுக்கு முன்னால் ஓட்டுத் துண்டு, ஒன்றுக்கு வளைந்து போகிற வாய்க்கால். நாலு குழி இந்த ஓரம், ஐந்து குழி அந்த ஓரம். நடுவில் ரோட்டிலிருந்து பின்னால் எல்லைக் கல் வரைக்கும் வெறும் தரை. ஓரத்தில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க, நடுவில் ஏன் இப்படி என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஒரு நாள் அவர் இல்லாத நேரம் நானே நடுவில் ஒரு டப்பாவைப் புதைத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, பிடுங்கி, மண்ணைப் போட்டு மூடி, மிதித்துவிட்டார்.

"நடுவுல ஏன் சும்மா வுட்டிருக்கீங்க?"

"காத்து வரட்டும்" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அங்கே ஆள் சேர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் கூனிமேட்டு பாய். துணிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு மொபெட்டில் சுற்றிக்கொண்டிருந்தவர். கொடிகளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார், ஒரு தடவை தட்டினார், அவ்வளவுதான். தினமும் வந்தார். "சக்கரைக்கு டாக்டர் நடக்கச் சொல்றாரு. வேல இல்லாம சும்மா நடந்தா பாக்கறவன் பைத்தியம்னு நெனைப்பான். இதுல பந்து பின்னாடி போறேன், கேட்டா பதில் இருக்குது" என்பார். அவருக்கு இந்த ஆட்டத்தில் பிடித்தது அதன் நீளம். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்தால், பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் நிதானமாக ஒரு சுற்று முடிந்துவிடும். "அல்லா அளந்து வெச்ச மாதிரி இருக்குது தம்பி" என்று சித்தப்பாவிடம் சொன்னார். உப்பு வாருகிற பெண்கள் வேலை முடிந்து போகிற வழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒன்றிரண்டு குழி ஆடிவிட்டுப் போனார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஆடினார்கள். பஸ் வந்தால் கம்பியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்கள். யாரும் அலுத்துப்போய் நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மட்டும் என்னைத் தவிர யாரும் வரவில்லை. நான் அங்கே போவது அம்மாவுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் எதிர்பாராமல் நல்ல மழை பிடித்துக்கொண்டது. அளத்தில் அப்போதுதான் வாரிக் குவித்திருந்த உப்பு. அப்பா ஆட்களை வைத்துக் கீற்று போட்டு மூடிப் பார்த்தார். போதவில்லை. தார்ப்பாய் வாங்க ரோட்டுக் கடைக்கு ஓடினார். வரப்பெல்லாம் வழுக்கியதால் அன்று ரோட்டு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அவர் திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. சித்தப்பா நனைந்துபோன கூனிமேட்டு பாயை அவர் மொபெட்டிலேயே உட்காரவைத்து வீட்டில் கொண்டுபோய் விடப் போயிருந்தார். நான் கொட்டாங்கச்சியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தலையில் தார்ப்பாயோடு ரோட்டிலேயே நின்றார். "இருட்டப் போவுது. இங்க என்ன பண்ற?"

"குழியில தண்ணி நின்னுடுச்சிப்பா."

"எந்தக் குழியில?"

"இது மூணாங்குழி. ஒண்ணு, ரெண்டு எறைச்சிட்டேன். இன்னும் நெறைய இருக்குது."

அப்பா ரோட்டிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து டப்பாவைப் பார்த்தார். பக்கத்துக் கொடியைப் பார்த்தார். மழையில் மருதாணி கரைந்து மஞ்சள் துணியில் வழிந்திருந்தது. "மொத்தம் எத்தினி?" என்று கேட்டார்.

"ஒன்பதுப்பா. சித்தப்பாதான் அன்னிக்குச் சாப்பிடும்போதே சொன்னாரே, பதினெட்டு வேணாம், ஒன்பது குழி போதும்னு. நீங்ககூட எந்தப் பக்கம்னு கேட்டீங்களே."

அப்பா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறந்துவிட்டார்போல என்று நினைத்து, ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி எண்ணிச் சொன்னேன். ஆறாம் குழியும் ஒன்பதாம் குழியும் ஒரே நம்பர் மாதிரி தெரியும், ஏமாந்துவிடக் கூடாது என்றும் சொன்னேன். அவர் தலையில் இருந்த தார்ப்பாயை இறக்கிக் கீழே வைத்தார்.

"நடுவுல ஏன் ஒண்ணும் இல்ல?"

"தெரில. அங்க மட்டும் தோண்டக் கூடாதுன்னுட்டாரு. நான் ஒண்ணு போட்டேன், அதையும் மூடிட்டாரு."

அப்பா ரோட்டு விளிம்புக்குப் போய்த் திரும்பி நின்றார். அங்கிருந்து நடுவில் இருந்த வெறும் தரையில் நடக்க ஆரம்பித்தார். இரண்டு கையையும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு முறை அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, எல்லைக் கல் வரைக்கும் போனார். அங்கே நின்று, முழுதாக ஒரு வட்டம் திரும்பினார். பிறகு அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். உப்பு கரைந்துகொண்டிருக்கும், தார்ப்பாய் இங்கே கிடக்கிறது, இவர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மொபெட் சத்தம் கேட்டது. சித்தப்பா வண்டியை நிறுத்திவிட்டு, கல்லின்மேல் அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"டேய்" என்றார் அப்பா. அந்தச் சொல்லைக் கேட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "லாரின்னா சின்ன லாரி இல்ல. திரும்பறப்ப ஓரத்துல ஒங் குழி ரெண்டு போயிடும்டா."

"போவாதுண்ணா" என்றார் சித்தப்பா. "லாரி திரும்பற எடத்த வுட்டுட்டுதான் தோண்டியிருக்கேன்."

டப்பாக்களில் தவளை ஏதும் விழுந்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பா எழுந்து தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினார். சித்தப்பா மறு முனையைத் தூக்கினார்.

"ஏம்பா, எம் பக்கமும் இப்போதைக்குச் சும்மாதான கெடக்குது" என்றார் அப்பா, அவரைப் பார்க்காமல். "அங்கயும் ஒரு ஒன்பது போட்டுக்கயேன்."

பதினெட்டு! நகரத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடுகிற மாதிரி முழுசாகப் பதினெட்டு. நான் கொட்டாங்கச்சியைப் போட்டுவிட்டுச் சித்தப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒன்பது போதும்ணா" என்றார் அவர்.

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே, மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு, நடுவில் இருந்த வழியாகவே நடந்து, அளத்தின் பக்கம் போனார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தானாக வந்து இடம் கொடுக்கிறவரிடம் வேண்டாம் என்கிறாரே, இந்தச் சித்தப்பாவுக்குப் பிழைக்கவே தெரியாது என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் குழியில் மிச்சமிருந்த தண்ணீரை இறைக்கப் போனேன்.